தண்ணீரைச் சுவைத்துத் தோட்டம் போட்டவர்

யாழ்ப்பாணம்,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் சந்தோசம். ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்குமுன் நடந்து பழகிவிடு.

எங்கள் பூந்தோட்ட அண்ணை மோசம் போய்விட்டார். போன கிழமை கீரிமலையில் அந்தியேட்டி முடிந்தது. எண்பது தாண்டிய மனுசன், பாயில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார். சாவைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. அவர் இருந்த விதத்தைத்தான் உன்னோடு கதைக்க வேண்டும் போல் கிடக்கிறது.

உங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது என்ன செய்தார், ஞாபகமா? உன் அம்மா குரோட்டன் எங்கே, றோசா எங்கே என்று கையைக் காட்டிக்கொண்டு நிற்க, அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார். மிச்சத்தை முற்றத்தில் ஊற்றிவிட்டு, அது வற்றும்வரை குந்தியிருந்து பார்த்தார். பிறகு, "கொஞ்சம் சவர் கிடக்குது தங்கச்சி, றோசாவை விடுங்கோ" என்றார். அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை.

எந்த வளவுக்குப் போனாலும் அவருக்கு அதுதான் முதல் வேலை. கடல் பக்கமென்றால் பூவரசு, அலரி, பட்டிப்பூ. கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண் என்றால் மல்லிகை, நந்தியாவட்டை, பவளமல்லி. சனத்துக்கு எக்சோராவில் ஒரு பைத்தியம் இருந்த காலத்தில் ஊரெல்லாம் அதன் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. ஆட்கள் யூரியாவை அள்ளிப் போட்டார்கள். எங்கள் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து கிடந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. யூரியா போட்டு என்ன பயன்? அண்ணை குழியை அகலமாக வெட்டி, பூவரசங்குழையும் மாட்டெருவும் தாட்டு, மழைக்கு உக்கவிட்டுத்தான் கன்று வைப்பார். இலையில் தண்ணீர் அடிக்க விடமாட்டார், வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும் என்று.

95 ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமமே வெளிக்கிட்டபோது அவரும் சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டுதான் தென்மராட்சிக்குப் போனாராம். ஏன் மண்வெட்டி என்று நான் கேட்டதே இல்லை. அடுத்த வருசம் திரும்பி வந்து, தான் போட்ட தோட்டங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். குரோட்டன் எல்லாம் சுள்ளி. அலரியும் போகன்விலாவும் வேம்பும், ஆளில்லாத வீட்டிலும் தங்கள்பாட்டில் நின்றன. அதற்குப் பிறகு புல்தரை போட்டுத் தரச் சொன்னவர்களிடம், "அறுகு தானா வரும், அதுக்கு ஏன் காசு?" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வசனத்தால் எத்தனை வேலை கைவிட்டுப் போனதென்று மகளுக்குத்தான் தெரியும்.

அந்த மகள்தான் அவரைத் தெற்கே கூட்டிப் போய், அளுத்கமவுக்குப் பக்கத்தில் பெவிஸ் பாவாவின் பிரீஃப் தோட்டத்தைக் காட்டினாள். கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் தமையன் அவர். இறப்பர்த் தோட்டமாகக் கிடந்த நிலத்தில் 1929இல் தொடங்கி, 1992இல் சாகும்வரை அதையே செதுக்கிக்கொண்டிருந்தவர். வழக்கறிஞரான தகப்பன் ஒரு வழக்கில் கிடைத்த கூலியில் வாங்கிய காணி என்பதால்தான் அந்தப் பெயராம், வக்கீல் எடுக்கிற வழக்கை ஆங்கிலத்தில் 'பிரீஃப்' என்பார்கள். பாசி படிந்த படிகளையும் மூங்கிலையும் அண்ணை நாள் முழுக்கப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: "அங்க மழை தோட்டம் செய்யுது. அவர் வெட்டி ஒதுக்கி வழி விட்டிருக்கிறார். எங்களுக்கு நிழலில இருந்துதான் தொடங்கவேணும்." பொறாமையாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், அண்ணையுடைய தொழில் முழுக்க அந்தக் கதையில் இருக்கிறது. பூவை அவர் கடைசியாகத்தான் யோசிப்பார்.

இப்போது ஊரில் முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதிக்கிற வியாதி. மழை மூன்று மாதம்தான், வழுக்கியாறும் அந்த மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. முற்றத்தில் விழுகிற தண்ணீர் கீழே இறங்கினால்தான் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் மிதக்கும். முற்றத்தை மூடிவிட்டு, கிணறு சவர்த்துப்போச்சு என்று புலம்புகிறார்கள். அண்ணை வைத்த வேம்புகளை ஒரு அலுவலக வளவில் வாகனம் நிறுத்தவென்று தறித்தார்கள். இப்போது அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள், வெயிலாம்! அண்ணைக்கு அது தெரியும். கோபப்படவில்லை, "கொட்டகைக்குக் கீழ எத்தினை மணிக்கு நிண்டு பாத்தனீ?" என்று மட்டும் கேட்டார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் முன்முற்றம் முழுக்கக் கல் பதிக்கக் கேட்கிறார்கள். உன்னைக் கேட்காமல் முடியாது என்று இழுத்து வைத்திருக்கிறேன். அண்ணையின் வீட்டில் சொப்பிங் பைகளில் வேம்பும் மகிழமும் நிறையக் கிடக்கின்றன, எடுத்துப் போகச் சொல்லி மகள் எல்லோருக்கும் சொல்கிறாள். மேற்குப் பக்கத்தில் இரண்டு வேம்பு, படலையடியில் ஒரு மகிழம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். கார் நிற்கிற இடத்துக்கு மட்டும் கல் போடட்டும். உனக்குச் சம்மதமென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடு. ஐப்பசி மழைக்கு முன்னம் குழி வெட்ட ஆள் பிடிக்க வேண்டும், இப்போது கூலிக்கு ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்