கூரை முதலில், விமானம் பிறகு

பெருமதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், அருங்காட்சியகங்கள் துறை ஆணையர் ஆகியோருக்கு,

வணக்கம். நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடம்பைப் பழுது பார்க்கிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சூரமங்கலத்தில் குடியிருக்கிறேன். போரில் பறந்த குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சேலத்துக்குக் கொண்டுவந்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது இங்குள்ள முன்னாள் படைவீரர்கள் பலருடைய ஆசை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கூரை போட்ட பிறகுதான் விமானத்துக்கு மனு போட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ரவுண்டானாவிலோ பூங்காவிலோ சிமென்ட் பீடம் கட்டி வெயிலில் நிறுத்தப்போகிறோம் என்றால், தயவுசெய்து விமானமே வேண்டாம்.

நான் அதிகம் வேலை பார்த்தது கான்பெரா என்ற குண்டுவீச்சு விமானத்தில். 1957இல் நம் படைக்கு வந்து 2007 வரை பறந்த விமானம் அது. 1961இல் ஐ.நா. படைக்காகக் காங்கோ போனது, 1965 போரில் இரவோடு இரவாகப் பெஷாவர் வரை போய்க் குண்டு போட்டுத் திரும்பியது, 1971லும் போருக்குப் போனது. அப்படிப்பட்ட விமானம் ஏதோ ஒரு சாலையோரத்தில் டயர் வெடித்து, கண்ணாடி மஞ்சளாகி, சக்கரக் குழிக்குள் குப்பை அடைத்து நிற்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

விமானத்தின் உடம்பு வெறும் அலுமினியம் இல்லை. செம்பு கலந்த அலுமினியம். பலம் அதிகம், ஆனால் துருவை எதிர்க்கும் சக்தி குறைவு. அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாகப் படிய வைத்திருப்பார்கள். பளபளப்பு வரட்டும் என்று யாராவது பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்தக் கவசம்தான். அப்புறம் இரும்பு போல்ட்டும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் மழைத்தண்ணீர் தங்கினால் போதும், வெள்ளைப் பொடி பூத்து, உலோகம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பெல் என்று ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் மேல் 25 முறை பறந்துவிட்டு 1943இல் ஊர் திரும்பியது. போர் முடிந்ததும் மெம்ஃபிஸ் நகரம் அதை 350 டாலருக்கு வாங்கி, பெருமையோடு வெட்டவெளியில் நிறுத்தியது. பல ஆண்டுகள் மழையும் வெயிலும் தின்றன. பார்க்க வந்தவர்கள் ஞாபகார்த்தமாகக் கையில் கிடைத்ததைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் 2005இல் டேட்டன் நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யத் தொடங்கினார்கள். மக்கள் மறுபடி பார்த்தது 2018 மே மாதத்தில். அந்த நகரத்துக்கு அன்பு குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களிடம் கூரை இல்லை, அவ்வளவுதான்.

நமக்கு இந்த வேலை தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் படையினர் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாதென்று உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். 1948இல் பெங்களூரின் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் அந்தக் குவியலுக்குள் இறங்கி, ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்திப் பறக்கிற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுதாகச் சீர்செய்த 30க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் 1968 வரை நம் படையில் இருந்தன. இன்று கனடாவின் ஒட்டாவாவிலும், அமெரிக்காவின் டூசானிலும், இங்கிலாந்தின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்திலும் நிற்கிற லிபரேட்டர்கள் நம்மிடமிருந்து போனவைதான். குப்பையிலிருந்து மீட்ட நாடு இது. பறந்து முடித்ததைப் பாதுகாப்பது அதைவிடச் சுலபம்.

சரி, சேலத்தில் என்ன செய்யலாம்? கான்பெராவின் நீளம் ஏறத்தாழ 65 அடி, இறக்கை விரிவு 64 அடி. சுற்றி நடக்கவும், பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறைக்கும் சேர்த்து, பக்கவாட்டில் காற்றோட்டமுள்ள ஒரு ஷெட் போதும். இடம் காமலாபுரம் விமான நிலையத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஏற்காட்டில் வைத்தால் சுற்றுலாப் பயணிகள் வருவார்களே என்று சிலர் சொல்கிறார்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த நீளத்தில் ஒரு உடம்பை எப்படித் திருப்புவது? வெட்டித்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் பனிமூட்டத்தின் ஈரம் ஆண்டு முழுக்க வேலை செய்யும். வேண்டாம்.

எங்கே வைத்தாலும் இறக்கையைக் கேஸ் கட்டரால் வெட்ட ஒப்பந்ததாரர் யாரையும் விடாதீர்கள். அது பொருத்தின இடத்திலேயே கழற்றக்கூடியது. நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். வந்து சேர்ந்ததும் முதலில் பெயின்ட் அடிக்கக் கூடாது. பைலட் இருக்கையை வெளியே எறிகிற வெடிமருந்துக் குப்பி எடுக்கப்பட்டதா என்று விமானப்படை ஆட்களே பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய மீட்டர்களில் இருட்டில் ஒளிர்கிற பூச்சு கதிர்வீச்சுள்ள ரேடியம் கலந்ததாக இருக்கலாம். சோதிக்காமல் கண்ணாடியைத் திறக்கக் கூடாது. எண்ணெயெல்லாம் வடிய வேண்டும். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, எண் கட்டி, நோட்டில் எழுத வேண்டும். பெயின்ட்டை ஒரு மூலையில் சின்னச் சதுரமாக அடுக்கு அடுக்காகத் தேய்த்தால் அது போருக்குப் போனபோது என்ன நிறத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். இரும்பு பிரஷ் கூடாது. அதன் துகள் உள்ளே தங்கி அங்கேயே அரிப்பு தொடங்கும். புதிதாகச் செய்து போடுகிற பாகத்தில் ஆண்டைப் பொறித்துவிட வேண்டும், பின்னால் வருபவர்கள் எது பழசு எது புதுசு என்று குழம்பக் கூடாது.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டில் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் உருக்கிய பகுதி இது. உருக்காலையில் ஓய்வு பெற்றவர்கள், சங்ககிரிப் பக்கம் லாரி பாடி கட்டித் தகடு வளைத்துப் பழகியவர்கள், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு ரிவிட்டை, அதாவது தகடுகளை இணைக்கிற ஆணியை, தகடு கிழியாமல் எடுக்கக் கற்றுக்கொள்வதைப் பள்ளிக் குழந்தைகள் எதிரே நின்று பார்க்க வேண்டும். முடிந்த விமானத்தைவிட, நடந்துகொண்டிருக்கிற வேலையைப் பார்க்கத்தான் கூட்டம் திரும்பத் திரும்ப வரும் என்பது என் எண்ணம்.

கான்பெராதான் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. வேறு விமானம் கிடைத்தால் ஷெட்டின் அளவை மாற்றிக்கொள்ளலாம்.

உங்களிடம் கேட்பது மூன்று துறையும் ஒன்றாக உட்காரும் ஒரு கூட்டம். இடத்தை அளந்து, கூரைக்கும் ஆண்டுப் பராமரிப்புக்கும் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று அன்றே எழுதி முடிவு செய்யுங்கள். அதன் பிறகு விமானப்படைத் தலைமையகத்துக்குப் போகிற மனுவையும், தொழில்நுட்பப் பட்டியலையும் முன்னாள் படைவீரர்கள் நாங்கள் சேர்ந்து தயார் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப்படை ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்,
சூரமங்கலம், சேலம்