மொத்த எடை சரியாக இருந்தால் பின் ஆக்சில் தாங்கிவிடுமா?

பெறுநர்: மேலாளர், சர்வீஸ் பிரிவு
பொருள்: நீங்கள் கட்டித் தந்த ஆறு பேர் கேரவன், பின் ஆக்சில் ஓவர்லோடு

வணக்கம் சார். போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் இன்னொருவர் நம்பரைத் தருகிறீர்கள், அவர் எடுப்பதில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

லாரி எடை போடும் மேடையில் வண்டியை ஏற்றினேன். டேங்க் நிறையத் தண்ணீர், டீசல் ஃபுல், சாமான்கள், உள்ளே நானும் என் மச்சானும் மட்டும். முழு வண்டி 4,540 கிலோ. முன்சக்கரங்களை மட்டும் நிறுத்தினால் 1,330, பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தினால் 3,210. சேசிஸ் கையேட்டில் மொத்தம் 4,600 வரை போகலாம், பின் ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கர அச்சுக்கு, 3,000தான். மொத்தம் உள்ளே இருக்கிறது, பின்னால் மட்டும் 210 கிலோ அதிகம். கட்டியவர்கள் நீங்கள், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் சர்வீஸ் ஆள் அந்த எடைச் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "டோட்டல் உள்ளதான இருக்கு, பொழுது போகலேன்னா ஊட்டிக்குப் போங்க சார், எடை மேடைக்கு ஏன் போறீங்க" என்றார். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். இத்தனை லட்சம் கொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? அதுவும், முதலாளி இருக்கிறார், வண்டியோடு வாருங்கள் என்று நீங்களே கூப்பிட்ட நாளில். ஈரோட்டிலிருந்து ஓட்டி வந்து கேட்டுக்கு வெளியே வெயிலில் சாயங்காலம்வரை நின்றேன். கடைசியில் வாட்ச்மேன்தான் சொன்னார், முதலாளி காலையிலேயே ஓசூர் கிளம்பிவிட்டாராம்.

அந்த 150 லிட்டர் டேங்கைப் பின் ஆக்சிலுக்கும் பின்னால் 1.1 மீட்டர் தள்ளி வைத்தது யார் யோசனை? வீல்பேஸ், அதாவது முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம், 3.3 மீட்டர். அங்கே 150 கிலோ தண்ணீர் இருந்தால் சீசா மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும், பின் ஆக்சிலில் 200 கிலோ ஏறும், முன்னால் 50 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாக இருப்பதும், ராத்திரியில் ஹெட்லைட் மேல்நோக்கி அடிப்பதும் எனக்கு மட்டும் தோன்றுகிற பிரமை இல்லை. "அப்ப தண்ணி ரொப்பாம ஓட்டுங்க" என்றார் அதே ஆள். சரி, தண்ணீரை மொத்தமாக இறக்கினாலும் 3,010 வருகிறதே, அப்புறம் எதை இறக்குவது, மச்சானையா?

இன்னும் நாலு பேர் ஏறவே இல்லை. ஆளுக்கு 60 கிலோ என்றால்கூட மொத்தமும் 4,780 ஆகிவிடும். அப்போது போலீஸ் பிடித்தால் 20,000 ரூபாய் அபராதம் கட்டப்போவது நான்தான். உங்கள் விளம்பரத்தில் வால்பாறை மலை ரோடு அழகாக இருக்கிறது. 40 கொண்டை ஊசி வளைவில் டயர் வெடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது எடையைத்தான். என் ஆயுள் சேமிப்பு முழுக்க இந்த வண்டியில் முடங்கி நாசமாய்ப் போய்விட்டது.

உங்களோடு சண்டை போடும் எண்ணம் இல்லை சார். டேங்கையும் அந்த இரண்டு பெரிய பேட்டரிகளையும் முன்பக்கம் மாற்றுங்கள், என் கண்முன் முன்னும் பின்னும் தனித்தனியாக எடை போட்டு, கையெழுத்திட்டுத் தாருங்கள். முடியாதென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். எடைச் சீட்டுகளும் உங்கள் ஆள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் பத்திரமாக இருக்கின்றன.

தயவுசெய்து வண்டியை மறுபடி யார்டுக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பின் ஆக்சில் இந்த நிலையில் இருக்கும்போது ஓட்டி வரமாட்டேன், ஆளை இங்கே அனுப்புங்கள். அந்த சர்வீஸ் ஆளை மட்டும் வேண்டாம்.