கணக்குப் புத்தகங்களைக் காப்பாற்றுங்கள்

ஆசிரியருக்கு,

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் குடும்பங்கள் தொடங்கிய தோல் கம்பெனிகளின் வரலாற்றை யாராவது முழுமையாக எழுத வேண்டும். என் அப்பா அப்படியொரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். பதம் வந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பாதி பதனிட்ட தோலைக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்களை 1970களில் அரசு கொண்டுவந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு புரட்டிப்போட்டது. தாக்குப்பிடித்தவர்கள் முழுவதும் பதனிட்ட தோலுக்கு மாறினார்கள். அப்புறம் ஷூ, செருப்பு மேல்பாகம் என்று வளர்ந்தார்கள். இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூ கம்பெனிகளில் வேலை செய்வது அந்த மாற்றத்தால்தான்.

பாலாற்றை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது. கழிவுநீரால் மாசுபடுத்தியதற்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்த மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. உப்பேறிய கிணறுகளைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

இப்போது பல பழைய கட்டடங்கள் இடிபடுகின்றன. கூடவே கணக்குப் புத்தகங்கள், கூலிப் பதிவேடுகள், ஏற்றுமதிக் கடிதங்கள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. நிறுவனர் படத்தை மாட்டிவைத்தால் மட்டும் போதாது. அந்தப் பதிவேடுகளில்தான் என் அப்பா போன்றவர்களின் பெயர் இருக்கிறது. வேலூர் அரசு அருங்காட்சியகம் இவற்றைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். குடும்பத்தார் மனமுவந்து கொடுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
ஆம்பூர்