கேப்டன் சாருக்கு, அந்தக் கைதட்டலைப் பற்றி

கேப்டன் சார்,

விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சேரச் சம்மதித்துவிட்டேன். "எண்ணிக்கைக்காகத் தரத்தைக் குறைச்சிடாதம்மா" என்று போனில் சொன்னீர்களே, அதற்கு அன்று பதில் வரவில்லை. இப்போது வருகிறது. (எந்த நிறுவனம் என்று துப்புத் தேடுபவர்கள் ஏமாந்து போவார்கள்.)

அந்தக் காற்று நாள் ஞாபகம் இருக்கிறதா? போகும்போது இலைகூட அசையவில்லை. நான்தான் இறக்கினேன். நீங்கள் மைக்கை எடுத்து, இன்று விமானத்தை இறக்கியது ஒரு பெண் விமானி என்று அறிவித்தீர்கள். பின்னால் கைதட்டல். உங்கள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

திரும்பும்போது வலப்பக்கத்திலிருந்து பலமான காற்று. ஆனால் கோ-பைலட்டுக்கு அனுமதித்த வரம்புக்குள்தான். விமானத்தின் மூக்கைக் காற்றுப் பக்கம் வைத்து வந்துகொண்டிருந்தேன். ரன்வேக்கு நேராக்க இடது காலால் ரடரை, அதாவது வால் சுக்கானின் பெடலை, அழுத்தப்போன நேரத்தில், "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று விமானத்தை உங்கள் கைக்கு வாங்கிக்கொண்டீர்கள். கையை எடுத்துவிட்டு, "யூ ஹாவ் கன்ட்ரோல்" என்றேன். அழகாகவே இறக்கினீர்கள். அதற்கு அறிவிப்பு எதுவும் இல்லை.

கடைசி முடிவு கேப்டனுடையது. இன்று கேப்டனின் இடது இருக்கையில் உட்காரும் நான் அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஏன் வாங்கினீர்கள் என்று இத்தனை காலம் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது ஊரறியக் கேட்பதற்கு மன்னியுங்கள். அன்றே கேட்டிருந்தால் 'உணர்ச்சிவசப்படுகிறவள்' என்று என் ஃபைலில் ஏறியிருக்கும். என் பேட்ச் பையனுக்கு அதைவிட மோசமான காற்றில் விட்டுக்கொடுத்தீர்கள். கோணலாகத்தான் இறக்கினான், அடுத்த தடவை சரியாகச் செய்தான். எனக்கு அந்தக் கோணல் இறக்கம் கிடைக்கவே இல்லை, சார்.

ஹெலன் ரிச்சியைப் பற்றி எனக்குச் சொன்னதே நீங்கள்தான். 1934-இல் அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்தவர். அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். விமானிகள் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது, மோசமான வானிலையில் பறக்க விடவில்லை, விளம்பரத்துக்கு நிற்பதே வேலையாகிப் போனது, அடுத்த வருடமே விலகினார். இதையெல்லாம் நானாகத் தேடிப் படித்தேன்.

உலக அளவில் நூறு விமானிகளில் பெண்கள் ஐந்தாறு பேர். இந்தியாவில் பதினைந்து பேர் அளவுக்கு இருக்கிறோம் என்பீர்கள். சரி. அதில் எத்தனை பேரின் லாக்புக்கில், பறந்த கணக்கை எழுதும் அந்தப் புத்தகத்தில், காற்று நாட்கள் இருக்கின்றன?

வானிலை ராடாரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். இன்றைக்கும் இடிமேகத்தைச் சுற்றிப் போகும்போது உங்கள் குரல்தான் காதில் கேட்கிறது. இரவு விமானத்தில் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உங்கள் தட்டைத் திறக்கமாட்டீர்கள். அதனால்தான் இவ்வளவு கோபம்.

தரத்துக்கு வருகிறேன். சிமுலேட்டர் தேர்வில் எல்லோருக்கும் ஒரே குறுக்குக்காற்று, ஒரே இன்ஜின் கோளாறு. கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்ற கேள்விகளை யாரிடமும் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கேள்விகளை நீக்கினால் தரம் குறையும் என்று நினைத்தால் போனில் திட்டுங்கள். இந்தத் தடவை எடுத்துப் பேசுகிறேன்.