எலக்ட்ரான்கள் விலகுகின்றன, அணு வீங்குவதில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் எலக்ட்ரான் ஒட்டுறவு (ஓர் எலக்ட்ரானின் நகர்வு மற்றது இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுவது) பற்றி வந்த கட்டுரையை வரவேற்கிறேன். ஆனால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அணு பெரிதாகிவிடுகிறது என்ற வரியை அப்படியே விட்டுவிட முடியாது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

ஹீலியத்தை எடுத்துக்கொள்வோம். ஹார்ட்ரி-ஃபாக் என்ற தோராயக் கணக்கு முறையில் ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றதன் சராசரி மின்புலத்தை மட்டுமே உணர்கிறது. மற்றது இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. அப்படிப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே சராசரித் தொலைவு 1.362 போர் ஆரம். ஒட்டுறவை முழுமையாகச் சேர்த்தால் 1.422. போர் ஆரம் என்பது 52.9 பிக்கோமீட்டர் என்பதால், கூடியது சுமார் 3 பிக்கோமீட்டர், அதாவது 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அணுக்கருவிலிருந்து ஓர் எலக்ட்ரானின் சராசரித் தொலைவோ 0.9273-இலிருந்து 0.9295 ஆகிறது, கால் விழுக்காடுகூட இல்லை. எலக்ட்ரான்கள் வெளியே ஓடவில்லை. ஒன்று கருவுக்கு அருகே வந்தால் மற்றது தள்ளி நிற்கிறது. ஒன்று இந்தப் பக்கம் என்றால் மற்றது எதிர்ப்பக்கம் சாய்கிறது.

சராசரியைவிட முக்கியமான மாற்றம் மிக நெருக்கத்தில் நிகழ்கிறது. இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பதற்கான வாய்ப்பின் அடர்த்தி, அணு அலகில் (போர் ஆரத்தை நீள அலகாகக் கொண்டு), 0.191-இலிருந்து 0.106 ஆகச் சரிகிறது. இதைக் 'கூலும் துளை' என்கிறோம். துளை என்றதும் அங்கே பூச்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. எதிரெதிர்த் தற்சுழற்சி (ஸ்பின்) கொண்ட எலக்ட்ரான்கள் ஒரே புள்ளியில் இருக்க முடியும், வாய்ப்புதான் குறைவு. அந்தப் புள்ளியை விட்டு விலகும்போது, எலக்ட்ரான்களின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பு, அங்குள்ள தன் மதிப்பில் பாதியைச் சரிவாகக் கொண்டு நேர்கோட்டில் ஏறத் தொடங்கும், அதனால் அங்கே ஒரு கூர்முனை உண்டாகும் என்று 1957-இல் கணித இயற்பியலாளர் காட்டோ நிறுவினார்.

ஆற்றல் கணக்கும் இதையே சொல்கிறது. எலக்ட்ரான்களின் விலக்கு ஆற்றல் 1.026 ஹார்ட்ரியிலிருந்து (அணுக்களுக்கான ஆற்றல் அலகு) 0.946 ஆகக் குறைகிறது. ஆனால் கிடைக்கும் லாபம் 0.080 அல்ல, 0.042 மட்டுமே. ஒதுங்கி ஒதுங்கி நகர்வதற்கு இயக்க ஆற்றல் 0.042 கூடுகிறது; கருவின் ஈர்ப்பிலிருந்து கிடைப்பது வெறும் 0.004.

எலக்ட்ரான்களுக்கு இடையேயான சராசரித் தொலைவை வகுப்பில் போட்டுப் பார்க்க விரும்புவோர், திரையிடல் (ஓர் எலக்ட்ரான் மற்றதற்குக் கருவின் ஈர்ப்பை ஓரளவு மறைப்பது) சேர்த்த கருமின்னேற்றம் 1.6875 என்று வைத்து, 35-ஐ அதன் 16 மடங்கால் வகுக்கட்டும்: 1.296 போர் ஆரம் வரும். ஒட்டுறவே இல்லாத எளிய மாதிரி அது. கணினியில் செய்வோர் தவறுவது வேறு இடத்தில். எலக்ட்ரான் அடர்த்தியை மட்டும் வைத்து இந்தத் தொலைவைக் கணக்கிட முடியாது, இரண்டும் ஒரே நேரத்தில் எங்கெங்கே இருக்கும் என்று சொல்லும் இணை அடர்த்தி வேண்டும். தவிர, ஆர்பிட்டால் பெருக்கங்களால், அதாவது ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் தனித்தனியான சார்புகளைப் பெருக்கி, அந்தக் கூர்முனையை வரைவது மகா சிரமம்: அந்தச் சார்புகளின் வடிவத்தைக் குறிக்கும் கோண உந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் ஆற்றல் பிழை அதன் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும்; ஒரே புள்ளி அடர்த்தியின் பிழையோ முதல் அடுக்குக்குத்தான். எனவே ஆற்றல் சரியாக வந்துவிட்டது என்று நம்பி அடர்த்தியை எடுத்தால் ஏமாற்றமே. 1929-இல் இயற்பியலாளர் ஹில்லெராஸ் எலக்ட்ரான்களுக்கு இடையேயான தொலைவை அலைச்சார்பிலேயே நேரடியாக எழுதினார். மூன்றே உறுப்புகளில் ஹீலியத்தின் மொத்த ஆற்றலாக −2.9024 ஹார்ட்ரி கிடைத்தது. துல்லிய மதிப்பு −2.9037.

இன்னொரு திருத்தம். ஒரே திசைத் தற்சுழற்சி கொண்டவை தள்ளி நிற்பதால் விலக்கு குறைந்து ஆற்றலும் குறைகிறது என்றும் கட்டுரை சொல்கிறது. பல பாடநூல்களிலும் இருக்கும் விளக்கம்தான். ஆனால் ஓர் எலக்ட்ரான் உள்ளே 1எஸ் ஆர்பிட்டாலிலும் மற்றது வெளியே 2எஸ் ஆர்பிட்டாலிலும் உள்ள கிளர்வுற்ற ஹீலியத்தில் நிலைமை நேர் எதிர். ஒரே திசை கொண்ட மும்மை நிலையில் சராசரித் தொலைவு 4.45 போர் ஆரம், எதிரெதிர்த் திசை கொண்ட ஒருமை நிலையில் 5.27. விலக்கு ஆற்றலும் மும்மையில்தான் அதிகம்: 0.268, மற்றதில் 0.250. அப்படியிருந்தும் மும்மை கீழே இருப்பதற்குக் காரணம், மிக நெருங்குவதை அது தவிர்ப்பதால் திரையிடல் குறைந்து, வெளி எலக்ட்ரானைக் கரு தன் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்வதுதான்.

இப்படிக்கு,
குவாண்டம் வேதியியல் ஆசிரியர் ஒருவர்