வடிகால் மதிப்பீட்டில் மரத்துக்கும் ஒரு செலவினம் வேண்டும்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மழைநீர் வடிகாலுக்கும் நடைபாதைக்கும் நீங்கள் ஒப்புதல் அளிக்கும் மதிப்பீடுகளில் கான்கிரீட்டின் கனமும் கம்பியின் விட்டமும் தவறாமல் இருக்கும். அந்தத் தெருவில் எத்தனை மரங்கள் நிற்கின்றன, அவற்றிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்ட வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. இந்த மடல் அந்த விடுபாட்டைப் பற்றியது.

பொக்லைனின் வாளி ஒரு புங்க மரத்தின் அடியிலிருந்து இரண்டடி தள்ளி இறங்கும்போது, மரத்தைத் தாங்கும் பக்கவேர்கள் ஒரு புறம் முழுவதும் போய்விடுகின்றன. வாளி வேரை அறுப்பதுகூட இல்லை, பிய்த்து இழுக்கிறது. நார் நாராகக் கிழிந்த அந்த முனைகளின் மேல் மண் தள்ளப்பட்டு, அதன் மேல் பேவர் கற்கள் பதிக்கப்பட்டு, ஒப்பந்ததாரரின் பில்லும் பாஸாகிவிடுகிறது. மறுபுறத்து வேர்களின் புண்ணியத்தில் இலைகள் பச்சையாகவே இருப்பதால் எவரும் கவனிப்பதில்லை. புண்பட்ட இடத்திலிருந்து அழுகல் ஏறி, இரண்டு மூன்று பருவமழைகள் கழித்து மரம் விழும்போது, பலத்த காற்றில் சாய்ந்ததாகச் செய்தி வருகிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற மரங்கள் ஏராளமாக விழுந்தன. வெளிநாட்டு மரங்களை நட்டதுதான் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. அதில் உண்மை உண்டு. ஆனால் வேரை ஒரு பக்கம் இழந்துவிட்டால் நம் வேம்பும் பூவரசும்கூட நிற்காது.

அடிமரம் வரை சிமென்ட் பூசுவதும் இதே வகைக் கேடுதான். நீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் இரண்டடிக்குள் இருக்கிறது. அதை மூடினால் நீரும் காற்றும் போகாது. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லிக்கு ஆணையிட்டது. தில்லியில் ஒரு விதமாகவும் திருச்சியில் வேறு விதமாகவும் வேப்பமரம் மூச்சு விடுவதில்லை.

மரத்தின் கதியை முடிவுசெய்வது ஒப்பந்தத்தின் வாசகம்தான் என்பதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் சாட்சி. 2012-இல் அந்நகர மன்றம் தனியார் நிறுவனம் ஒன்றுடன் செய்துகொண்ட 25 ஆண்டுச் சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், சாலையோர மரங்களில் ஏறத்தாழ பாதியான 17,500 மரங்களை வெட்டிவிட்டுப் புதியவை நடுவதற்கான எண்ணிக்கை இடம்பெற்றது. 5,000-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டு, தடுத்த குடிமக்கள் கைதாகி, ஊரே எதிர்த்த பின் 2018-இல் பணி நிறுத்தப்பட்டது. சுயேச்சை விசாரணையின் அறிக்கை 2023-இல் வெளிவந்ததும் மன்றம் மன்னிப்புக் கேட்டது. கையெழுத்திடும் முன் அந்த எண்ணை ஊரறிய விவாதித்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் அரசு நிலத்து மரத்தை வெட்ட அனுமதி தருவதற்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. வேரை அறுப்பதற்கு அனுமதி கேட்பார் இல்லை. ஆகவே, பணி நடக்கும் தெருவின் ஒவ்வொரு மரமும் இனமும் சுற்றளவும் குறித்து மதிப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டும். அடிமரத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இயந்திரம் இறங்காமல் ஆள் வைத்துத் தோண்டவும், மணிக்கட்டளவு பருத்த வேர் குறுக்கிட்டால் வடிகாலை வளைத்துக் கொண்டுபோகவும் அதில் தனிச் செலவினமாகத் தொகை ஒதுக்கப்பட வேண்டும். செலவு கூடும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள், கூடத்தான் செய்யும். ஆனால் விழும் மரம் ஆளையும் சேர்த்தே அழுத்துகிறது என்பதை 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் காரின் மேல் மரம் விழுந்து ஓர் உயிர் போனபோது பார்த்தோம்.

சாலைக்கு இருப்பதுபோல் மரத்துக்கும் ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் வேண்டும்: இரண்டு பருவமழைகள் கடந்து, அளவுப் புத்தகத்தில் (செய்த பணியின் அளவுகளைக் குறிக்கும் பதிவேட்டில்) பதிந்த மரங்கள் நலமாக நிற்பதை வார்டு உறுப்பினரே நேரில் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகு மட்டுமே பிணைத்தொகை விடுவிக்கப்பட வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்தில் வரும் வடிகால் தீர்மானத்திலேயே இந்த நிபந்தனையைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சொத்துவரி செலுத்தும் நகரவாசி ஒருவர்