வலைப்பூவைப் பூட்டாமல் போன நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பழைய வலைப்பதிவு நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் 2006, 2007 வாக்கில் அலுவலகம் போனதும், தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணத்தைத் திறந்து, முந்தின இரவு நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு வேலையே ஓடும். துபாய், சிங்கப்பூர், கொழும்பு, திருப்பூர் என்று எங்கெங்கிருந்தோ எழுதினீர்கள். பிறகு ஒவ்வொருவராக ஃபேஸ்புக் பக்கம் போனீர்கள். சிலர் எழுதுவதையே விட்டுவிட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. நான் எழுத வந்த விஷயம் வேறு. நீங்கள் விட்டுப்போன வீடுகளின் கதவு, அதாவது வாசகர் கருத்து எழுதும் பின்னூட்டப் பெட்டி, இன்னமும் திறந்து கிடக்கிறது.

போன மாதம் என் சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கச் சொன்னார்கள். என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று தமிழில் தேடிக்கொண்டிருந்தபோது, நம்மில் ஒருவர் 2009இல் எழுதிய பதிவு கிடைத்தது. அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போய் வந்த கதை. கை நரம்பில் ஊசி ஏற்றும் நேரத்தில் அப்பா மகனிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பாராம். எந்த மருத்துவமனைக் கையேட்டிலும் இல்லாத விவரங்கள் அதில் இருந்தன. கீழே நம் ஆட்களின் பின்னூட்டங்கள். வழக்கமாகக் கும்மியடிக்கிற கூட்டம் அன்று அடக்கமாக ஆறுதல் சொல்லியிருந்தது. பெயர் சொல்லாமல் எழுதிய ஒரு அனானி, தன் அம்மாவுக்கும் இப்படித்தான் என்று நீளமாக எழுதி, எலுமிச்சம்பழத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டால் தாகம் கொஞ்சம் அடங்கும் என்று சொல்லியிருந்தார்.

அதற்கும் கீழே போனேன். கடன் தருகிறோம், வசியம் செய்து தருகிறோம், மூலிகையால் எந்த நோயையும் தீர்க்கிறோம் என்று வரிசையாக எரிதங்கள், அதாவது ஸ்பாம். அவற்றுக்கு நடுவே, திரும்பத் திரும்ப, சிறுநீரகம் வாங்கப்படும் என்ற அறிவிப்பு. ஏதோ ஒரு மருத்துவமனையின் பெயர், ஒரு மருத்துவரின் பெயர், லட்சக்கணக்கில் விலை, வாட்ஸ்அப் எண். சில ஆங்கிலத்தில். சில மொழிபெயர்ப்பு எந்திரம் துப்பிய தமிழில். எண்ணிப் பார்த்தேன், நூற்றெண்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அப்பாவின் நோயைப் பற்றி மகன் எழுதிய பக்கம் அது.

எரிதம் என்றால் வெறும் தொல்லை, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் உண்மைதான். எரிதம் ஒட்டியவர்களுக்கு நம் வாசகர் தேவைப்படவில்லை, நம் பக்கத்திலிருந்து ஒரு சுட்டிதான் (லிங்க்) தேவைப்பட்டது. நிறைய பக்கங்கள் சுட்டினால் கூகுள் தேடலில் மேலே வரலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுக்க 2005 ஜனவரியில் கூகுளும் மற்ற தேடுபொறிகளும் 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தன. பின்னூட்டத்தில் வரும் சுட்டிக்கு மதிப்புப் போடாதே என்று தேடுபொறிக்குச் சொல்வது அது. அதே ஆண்டு, வலைப்பதிவு மென்பொருள் செய்கிற வேர்ட்பிரஸ்காரர்கள் அகிஸ்மெட் என்ற எரித வடிகட்டியைக் கொண்டுவந்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று அப்போது பேசிக்கொண்டோம். தீரவில்லை. எந்திரம் வைத்து லட்சம் பக்கங்களில் ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதைவிட முக்கியம், சிறுநீரகம் கேட்பவருக்குத் தேடுபொறி தரும் மதிப்பு தேவையே இல்லை. அவருக்கு மனிதர் வேண்டும். கடனில் மூழ்கி, இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் 'கிட்னி' என்று தட்டுகிற ஒரே ஒரு மனிதர் போதும்.

அப்படித் தட்டுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் வறுமையைப் பயன்படுத்தித் தரகர்கள் சிறுநீரகம் வாங்கினார்கள் என்று 2025இல் எழுந்த புகாரை அரசே விசாரிக்க வேண்டி வந்தது. அங்கே வந்தவர்கள் நேரில் வந்த தரகர்கள். பின்னூட்டத்தில் வருகிறவர் பெரும்பாலும் சிறுநீரகத்தைக்கூட வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், வரி என்று சொல்லி, ஏற்கெனவே கடனில் இருப்பவரிடம் மிச்சமிருப்பதையும் உருவிக்கொண்டு எண்ணை மாற்றிவிடுவார். ஏமாந்தவர் காவல் நிலையம் போகவும் தயங்குவார். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம், ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை. தானே மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அவரை வாயடைத்துவிடும். ஏமாற்றுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

நண்பர்களே, இந்த விளம்பரப் பலகை உங்கள் சுவரில் தொங்குகிறது. உங்கள் பெயருக்கு இருக்கிற நம்பிக்கையின் மேல் தொங்குகிறது.

கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்பது எனக்கும் தெரியும், அதில் எனக்கும் பங்கு உண்டு. புதிதாக யாராவது எழுத வந்தால், "நல்லா எழுதறீங்க, அந்த வேர்ட் வெரிஃபிகேஷனை மட்டும் எடுத்துடுங்க" என்று முதல் பின்னூட்டம் போட்ட ஆட்களில் நானும் ஒருவன். எந்திரம் இல்லை, மனிதர்தான் என்று காட்ட, கோணல்மாணலாகத் தெரியும் எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் அந்தப் பெட்டியைத் தாண்டி வர யாருக்கும் பொறுமை இல்லை. வருகிறவர் தயங்காமல் வரட்டும் என்று திண்ணையைத் திறந்து வைத்தோம். அனானிக்கும் இடம் கொடுத்தோம். எலுமிச்சம்பழம் சொன்ன அனானி அப்படி வந்தவர்தான். அது தப்பில்லை. தினமும் யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தது.

எனவே கேட்கிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே நுழையுங்கள். கூகுளின் பிளாக்கரில் இருப்பவர்கள் அமைப்புகளில் கருத்துரைப் பகுதிக்குப் போய், யார் கருத்திடலாம் என்ற இடத்தில் வலைப்பூவின் உறுப்பினர்கள் மட்டும் என்று மாற்றினால் போதும். பழைய பின்னூட்டங்கள் அப்படியே தெரியும், புதிதாக யாரும் ஒட்ட முடியாது. தயவுசெய்து பின்னூட்டங்களை மொத்தமாக மறைத்துவிடாதீர்கள், எலுமிச்சம்பழமும் சேர்ந்து மறைந்துவிடும். வேர்ட்பிரஸில் டிஸ்கஷன் அமைப்பில், இத்தனை நாளுக்கு மேல் பழைய பதிவுகளுக்குப் பின்னூட்டத்தை மூடு என்று ஒரு வரி உண்டு. 14 நாள் என்று போட்டிருக்கும், டிக் மட்டும் செய்யுங்கள். வேறு தளம் நம் பதிவைச் சுட்டினால் தானாக வந்து விழும் பிங்பேக் அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருப்பதை நீக்குவதுதான் கை வலிக்கும் வேலை. எல்லாம் முடியாவிட்டால் சிறுநீரகம், கடன், மருந்து, இந்த மூன்றையாவது எடுங்கள்.

நுழைவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடாத கூகுள் கணக்குகளை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்புக்கு வந்துவிட்டது. அப்படியே ஒரு காப்புப்படியும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் மறந்துபோனவர்கள், பழைய மின்னஞ்சலை இழந்தவர்கள் தெரிந்த நண்பர்களிடம் சொல்லுங்கள். மீட்க முடிகிறதா என்று கூட உட்கார்ந்து பார்க்க நான் தயார். மறைந்துபோன பதிவர்களின் குடும்பத்தாரோடு தொடர்பில் இருப்பவர்கள், அவர்களிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வலைப்பூவை நான் சுத்தம் செய்தேன். எரிதம் என்று தானாக ஒதுக்கப்பட்டவற்றை ஒரேயடியாக அழிக்கப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்களும் அப்படிப் பாருங்கள். 2012இல் ஒருவர், எங்கள் ஊர் ஏரியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, தானும் அதே தெருவில் பிறந்தவர் என்றும், மதகுக்குப் பக்கத்தில் இருந்த இலுப்பை மரம் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார். பதினைந்து வரி. வடிகட்டி அதையும் குப்பையில் சேர்த்திருந்தது. அதை வெளியிட்டு, மரம் இருக்கிறது என்று கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகன்